லயத்தின் கணக்கை நாமே எடுப்போம்

தோட்டத்தில் கொழுந்துக்குக் கணக்கு இருக்கிறது. தராசு போட்டு நிறுக்கிறார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோவைக் கழிக்கிறார்கள். ஒரு நாள் பேர் குறைந்தால் அது செக்ரோலில் விழுந்துவிடுகிறது. ஆனால் ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம் படுத்து எழும்புகிறது, எந்த லயத்தின் பின்பக்க மண் இறங்குகிறது, வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்களில் யாருக்கு உறுதி கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்து ஆபீஸ் பிரதேச செயலகத்தைக் காட்டும். பிரதேச செயலகம் அமைச்சைக் காட்டும். அமைச்சு கம்பனியைக் காட்டும். நம்மைப் பற்றிய விபரம் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. நம்மிடம் மட்டும் இல்லை.

இதை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். நாம் கேட்பது மூன்று விஷயம். நமது குடியிருப்பைப் பற்றிய ஆய்வை நாமே செய்ய வேண்டும். அந்த ஆய்வின் மேல் நமது சொந்த வீடமைப்புக் கூட்டுறவைக் கட்ட வேண்டும். அந்தக் கூட்டுறவின் நாற்காலியில் துரையோ கட்சிக்காரரோ உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மைக் கேட்காமல் எண்ணியவர்கள்

எண்ணுகிறவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை மலையகத்துக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பூட்டன்மாரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி இன்னொரு பட்டியலில். நாடற்றவர் என்று மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

காணியிலும் இதே கதைதான். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுக்குப் போயின. அந்த மலையை வெட்டித் திருத்தியவர்களுக்கு ஒரு பேர்ச் கூட எழுதப்படவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பிறகு 53 வருடக் குத்தகை எழுதினார்கள். அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நிலம் கம்பனியின் சொத்து இல்லை, அரசின் காணி. கம்பனி குத்தகைக்காரன். இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் வேலை தேடும் வயதுக்கு வந்து நிற்கும்போது குத்தகை முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். புதுப் பேச்சுவார்த்தை நடக்கும். அந்த மேசையில் கம்பனி வரைபடத்தோடு வரும். அரசு நில அளவைப் படத்தோடு வரும். நாம் எதோடு போவோம்? கோஷத்தோடு மட்டும் போனால் கோஷத்தைக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வு இருந்தது, லயமும் அங்கேயே இருந்தது

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதாவது ஆய்வு நடந்திருந்தது. கோப்பும் இருந்தது. "நாங்கள் போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பிறகு சொன்னார்கள். எந்தக் காணிக்குப் போவது, எந்தக் கூரையின் கீழ் பிள்ளையைப் படுக்க வைப்பது என்று சொன்னவர் யார்? செத்தவர்கள் போக, தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் கழித்தார்கள். 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 அக்டோபர் ஆகிவிட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆய்வு என்று ஒன்று நடப்பது மட்டும் நம்மைக் காப்பாற்றாது. அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறது, அதை வைத்து யார் யாரிடம் கேள்வி கேட்க முடிகிறது என்பதுதான் முக்கியம். லயத்துக்கு லயம் அந்த அறிக்கையின் பிரதி இருந்து, மாதர் சங்கக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டு, மாற்றுக் காணி எங்கே என்று மாதா மாதம் பிரதேச செயலகத்தின் கதவைத் தட்டியிருந்தால் என்ற கேள்வி நம்மை விட்டுப் போவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு மறுபடியும் சரிந்தது. மறுபடியும் நிவாரணப் பட்டியல்கள். மறுபடியும் "வீடு யாருடைய பெயரில்?" என்ற கேள்வி. யாருடைய பெயரிலும் இல்லாத லயத்தில் வாழ்கிறவன் அதற்கு என்ன பதில் சொல்வான்?

ஆராய்ச்சி என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். கேள்விக்கொத்தோடு வருகிறார்கள். எத்தனை பேர் வீட்டில், எத்தனை கழிவறை, குடிக்கிறவரா, அடிக்கிறவரா என்று கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், நாமும் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் அந்த அறிக்கை எந்த மொழியில் வந்தது, எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் வேறொருவர் அதே கேள்விகளோடு வருகிறார். நம் வறுமையைக் கொழுந்து மாதிரி கிள்ளி எடுத்து எங்கேயோ கொண்டுபோய் அரைக்கிறார்கள். நமக்குத் தூள் கூட வந்து சேர்வதில்லை.

கடன் நம்முடையது, உறுதி யாருடையது?

கூட்டுறவு என்ற சொல் தோட்டத்துக்குப் புதிதில்லை. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பல தோட்டங்களில் பதியப்பட்டிருக்கின்றன. அவற்றின் வழியாக வீட்டுக் கடன் வந்தது. கடனைச் சம்பளத்தில் வெட்டினார்கள். ஆனால் பல தோட்டங்களில் அந்தச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் துரை. வேலை கொடுக்கிறவரும் அவரே, சம்பளத்தில் வெட்டுகிறவரும் அவரே, நமது "கூட்டுறவின்" தலைவரும் அவரே! அப்படிப்பட்ட பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

எங்கள் பகுதியில் சில டிவிசன்களில் வீட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது இதைக் கண்ணால் கண்டோம். கடன் கட்டிய துண்டுகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் மை அழிந்துவிட்டது. கட்டி முடித்துப் பல வருடம் ஆகியும் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி ஈடாக ஏற்காது. வீட்டை ஒட்டி ஒரு அறை இறக்கவும் ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கண்டோம். செக்ரோலை வைத்து வீட்டுப் பட்டியல் போட்டால் பாதி லயம் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஓய்வு பெற்ற அம்மா, கொழும்பில் கடையில் நிற்கும் மகன், வீட்டு வேலைக்கு வெளிநாடு போன மகள், பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்குப் போகிறவர்கள், இவர்கள் யாரும் தோட்டத்தின் கணக்கில் "தொழிலாளர்" இல்லை. ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான், குடியிருப்பதும் அல்லது திரும்பி வருவதும் இந்தக் காம்பராவுக்குத்தான். வீடு என்பது வேலைக்குக் கிடைக்கும் சலுகை என்று கம்பனி நினைக்கிறது. அது மனிதருக்குள்ள உரிமை என்று நாம் சொல்கிறோம். இந்தச் சண்டை பட்டியலின் முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆண்களிடம் கேட்டால் கூரைத் தகரம் என்றார்கள். அதே வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்டால், இரவில் கழிவறைக்குப் போகும் பாதை இருட்டு என்றும் பீலித் தண்ணீர் வெயில் காலத்தில் நின்றுவிடுகிறது என்றும் சொன்னார்கள். வெளியிலிருந்து வருகிறவர் வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். அதனால்தான் கட்டிக் கொடுக்கும் வீடு சில நேரம் வாழ முடியாத வீடாக இருக்கிறது.

மற்றவர்கள் செய்து காட்டியது

"படிக்காத சனம் ஆய்வு செய்யுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் பம்பாயில் இருக்கிறது. 1985 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் நடைபாதைக் குடிசைகளை மாநகரசபை அகற்றலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த மக்கள் எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று எந்தக் காரியாலயத்திலும் சரியான கணக்கு இல்லை. ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து அந்த மக்களே கணக்கெடுப்பில் இறங்கினார்கள். சுமார் 6,000 குடும்பங்களின் விபரம் சேர்ந்தது. "கண்ணுக்குத் தெரியாத நாங்கள்" என்ற பொருள்படும் பெயரில் அறிக்கை வெளிவந்தது. நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்ற அமைப்பாகச் சேர்ந்து சேமிக்கத் தொடங்கினார்கள். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே வரைந்தார்கள், முழு அளவு மாதிரி கட்டிக் காட்டினார்கள். பின்னாளில் மான்கூர்ட்டில் மிலன் நகர் என்ற கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. முதலில் கணக்கு, பிறகு சேமிப்பு, பிறகு வரைபடம், கடைசியில்தான் செங்கல். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். எழுத்து வாசனை குறைந்த பெண்கள் செய்தது இது.

நமது நாட்டிலேயே கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து 1989இல் சேமிப்பைத் தொடங்கினார்கள். 1991இல் அது கூட்டுறவாகப் பதியப்பட்டது. மகளிர் வங்கி என்று சனம் சொல்வது அதைத்தான். கடன் யாருக்கு என்று தீர்மானிப்பது குழுவில் இருக்கும் பெண்கள். நுண்கடன் கம்பனிக்காரன் வாசலில் வந்து நின்று சத்தம் போடும் அவமானத்தை அனுபவித்த நம் பெண்களுக்கு இதன் பெறுமதி புரியும். எண்பதுகளின் பத்து லட்சம் வீடுகள் திட்டக் காலத்தில், கொழும்புக் குடியிருப்புகளின் கான், படிக்கட்டு, கிணறு போன்ற சிறு வேலைகளைக் குடியிருப்பாளர் சபைகளே ஒப்பந்தமாக எடுத்துச் செய்ததும் உண்டு. வெளிக் கொந்தராத்துக்காரர் எடுத்துப்போகும் லாபம் அந்தச் சனத்தின் கையிலேயே நின்றது.

நமக்குள்ளும் இது இல்லாமல் இல்லை. மரண சகாய நிதி என்றால் என்ன? ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாளே லயம் முழுக்கக் காசு சேர்கிறது. சீட்டு என்றால் என்ன? வட்டிக்காரன் இல்லாத வங்கி. கல்யாணத்துக்கு அரிசி, பிள்ளைப்பேறு என்றால் மாற்றி மாற்றி ஆள், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. தோழமைப் பொருளாதாரம் என்று பெரிய சொல்லில் சொல்வதை நம் அம்மாமார் பெயர் இல்லாமல் நடத்தி வருகிறார்கள். சாவுக்குச் சேரத் தெரிந்த நாம் வாழ்வுக்கும் சேர வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

பங்குப் பத்திரம் மட்டும் போதாது

எல்லாக் கூட்டு முயற்சியும் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. கேரளத்தின் மூணாரைப் பாருங்கள். அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2005இல் அந்தத் தோட்டங்கள் புதிய கம்பனியிடம் போனபோது பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர், தொழிலாளர் கைக்கு வந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2015 செப்டெம்பரில், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் வீதியில் உட்கார வேண்டியிருந்தது. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. கடைசியில் 20 சதவீதத்தை வாங்கினார்கள். பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது, தீர்மானம் வேறு அறையில் இருந்தது. நம் நாட்டிலும் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து "நீங்களே முதலாளி" என்று கம்பனி சொல்லும்போது, ஈ.பி.எப். எங்கே, ஈ.டி.எப். எங்கே, கொழுந்துக்கு விலை வைப்பது யார், கணக்கை யார் பார்ப்பது என்று கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, திறந்த கணக்கு, பொதுக்கூட்டத்துக்கு மேலதிகாரம் இல்லாத குழு. இவை இல்லாவிட்டால் அது கூட்டுறவு ஆகாது.

"தொழிற்சங்கத்துக்கு இது வேலையா? சம்பளத்தைப் பேசினால் போதாதா?" என்று சில தலைவர்மார் கேட்கிறார்கள். சம்பளத்தைப் பேசத்தான் வேண்டும், விடமாட்டோம். ஆனால் வீடு கம்பனியின் கையில் இருக்கும்வரை சம்பளப் போராட்டத்தில் நமது ஒரு கை கட்டப்பட்டிருக்கிறது. வேலைநிறுத்தம் என்றதும் "லயத்தை விட்டு இறங்கு" என்று மிரட்டுகிறார்கள். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்பு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் நம்மை வெளியேற்ற முடியாது என்பதுகூட நம்மில் பலருக்குச் சொல்லப்படவில்லை. சொந்த நிலத்தில் நிற்கிறவன் பேசும் சத்தம் வேறு.

இன்னொரு குரலும் உண்டு. "பட்டியலை நாங்கள் அமைச்சரிடம் கொடுத்து வேலையை முடிக்கிறோம்." எந்தச் சங்கம் சொன்னாலும் இதை நம்பாதீர்கள். கட்சி நிறம் பார்த்து வீடு பிரித்ததை மலையகம் போதுமான அளவு பார்த்துவிட்டது. நமது சங்கமும் இந்த விதிக்கு விலக்கல்ல. சந்தா எந்தச் சங்கத்துக்கு என்று கணக்கெடுப்பில் ஒரு கேள்வியும் இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு டிவிசனிலும் ஐந்து பேர் கொண்ட கணக்கெடுப்புக் குழு. மூன்று பேராவது பெண்கள். சாதாரண தரம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எழுதட்டும். எங்களைப் போன்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சரிபார்க்க உதவுவோம். ஆனால் கொப்பி ஆசிரியரின் கொப்பியாக மாறக் கூடாது.

2. செக்ரோலைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து எண்ணுங்கள். காம்பராவில் எத்தனை குடும்பம், யார் வெளியே வேலை, கூரை, சுவர் வெடிப்பு, பின்பக்க மண், கான், தண்ணீர், கழிவறை, கடன் எடுத்த ஆண்டு, கட்டிய துண்டு, உறுதி, வீட்டோடு சேர்ந்த மரக்கறிப் பாத்தி, மாட்டுக் கொட்டில். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். துண்டுகளை மை அழியும் முன் போனில் படம் எடுங்கள்.

3. எழுதியதை லயத்து வாசலில் எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள். பிழையை அங்கேயே திருத்துங்கள். கடன், குடும்பச் சண்டை போன்ற வீட்டு இரகசியங்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் பகிரங்கமாக வாசிக்க வேண்டாம். மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில்.

4. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். நமது டிவிசனின் மண்சரிவு அறிக்கையையும், வீட்டுக் கடன் பட்டியலையும், உறுதி தாமதமாவதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கூட்டு மனுவுக்குக் கிடைக்காத பதில் இந்தத் தாளுக்குக் கிடைப்பதுண்டு. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் பிரதேச சபைக்கும் இதே கணக்கோடு போகலாம். 2018இல் வந்த சட்டங்கள் அதற்கு வழி திறந்திருக்கின்றன.

5. ஏற்கனவே பதியப்பட்ட வீடமைப்புக் கூட்டுறவு இருந்தால் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கணக்கறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். நிர்வாகத்தின் ஆள் தலைவராக இருந்தால் மாற்றுங்கள். இல்லாத இடத்தில் மரண சகாய நிதியிலிருந்தும் சீட்டுக் குழுவிலிருந்தும் தொடங்கி, மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதியுங்கள்.

6. உறுதி பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும். மலையில் கொழுந்து எடுப்பது அவள். வீட்டுக் கடன் வெட்டப்பட்டதும் பெரும்பாலும் அவள் சம்பளத்தில். உறுதியில் மட்டும் அவள் பெயர் விடுபடுமானால் இந்தப் போராட்டத்தில் பாதி தோற்றதாகவே அர்த்தம்.

2015இல் 7 பேர்ச் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்றார். வந்தவற்றை வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்புக்கும் வாசற்படிக்கும் இடையில் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது எங்கே தயாராகிறது என்று நமக்குத் தெரியாதவரை ஒவ்வொரு வீடும் யாரோ ஒருவரின் தயவாகவே வந்து சேரும்.

இருநூறு வருடமாக நம்மை மற்றவர்கள் எண்ணினார்கள். தலையாக எண்ணினார்கள், கையாக எண்ணினார்கள், வாக்காக எண்ணினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் ஒரு அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உங்கள் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் பக்கத்து டிவிசனுக்குச் சொல்லுங்கள். 2045க்கு முன் தோட்டம் தோட்டமாக நமது கணக்கு தயாராக இருக்க வேண்டும்.